வடைப் பொட்டலம் முதல் கன்னியர் மடம் வரை: பாமாவின் ‘கருக்கு’ என்ன சொல்கிறது?

விருதுநகர் மாவட்டம் என்றதும் பட்டாசும் தீப்பெட்டியும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அதே மாவட்டத்தில், வத்திராயிருப்பு பக்கத்தில் மலையடிவாரத்தில் இருக்கும் ஊர் புதுப்பட்டி. 1992-ல் தமிழ் இலக்கியத்தைப் புரட்டிப்போட்ட ‘கருக்கு’ அந்த ஊரின் கதை. எழுதியவர் பாமா, 1958-ல் அங்கே பிறந்தவர்.

பனை மட்டையின் இரண்டு பக்கமும் ரம்பம் மாதிரி இருக்குமே, அதுதான் கருக்கு. எந்தப் பக்கம் தொட்டாலும் அறுக்கும்.

சிரிப்பில் தொடங்கும் வலி

மூணாம் வகுப்புச் சிறுமி பள்ளிக்கூடம் விட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வருகிறாள். அவள் தெருவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் நாயக்கரிடம் கொடுக்கிறார். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் நடித்துக் காட்டுகிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. நம்ம சாதிக்காரர் தொட்டால் தீட்டு என்பதால்தான் அப்படி என்று விளக்குகிறார். படிச்சு முன்னேறினால்தான் மதிப்பு என்றும் சொல்கிறார்.

அவள் குழந்தைப் பருவம் முடிவது அந்த இடத்தில்தான். படிப்பையும் அங்கேதான் இறுகப் பிடித்துக்கொள்கிறாள்.

சாமி எந்தப் பக்கம்?

குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம். பூசை, ஞாயிறு, திருவிழா என்று வளர்கிற பிள்ளைக்கு பக்தியோடு பயமும் சேர்த்தே ஊட்டப்படுகிறது. தேங்காய் திருடியதாகப் பழி விழும்போது பாதிரியாரிடம் ஓடுகிறாள். அவரும் அவள் தெருவை வைத்தே சந்தேகப்படுகிறார். சின்னச் சம்பவம்தான், ஆனால் பின்னால் வரப்போவதற்கு இதுவே அறிகுறி.

வளர்ந்து ஆசிரியரான பிறகு, ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று வேலையை விட்டுவிட்டு கன்னியர் மடத்தில் சேர்கிறார். அங்கே நடப்பது வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம். சாதியும் உள்ளேயே இருக்கிறது. ஏழு ஆண்டுகளில் வெளியே வந்துவிடுகிறார், கையில் வேலையில்லாமல்.

வழக்கமான ‘வளர்ந்து ஆளாகும்’ நாவல்களில் கடைசியில் ஒரு இடம் கிடைத்துவிடும். இங்கே இருந்த இடமும் போய்விடுகிறது. அவர் கைவிடுவது மடத்தை. ஏழைகளின் பக்கம் நிற்கிற இயேசுவை விடவில்லை. இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் படித்தால் ‘கருக்கு’ வெறும் மத எதிர்ப்புப் புத்தகமாகத் தெரியும்.

‘கொச்சை’யா இது?

பேச்சு வழக்கு தமிழுக்குப் புதுசில்லை. கி.ராஜநாராயணன் கரிசல் மொழியை எப்போதோ கொண்டுவந்துவிட்டார். ஆனால் பாமா எழுதியது அந்தக் கரிசல் ஊரின் சேரித் தெருப் பேச்சை. உரையாடலில் மட்டுமல்ல, கதை சொல்லும் வரிகளிலும் அதே பேச்சுதான். கதைசொல்லிக்குப் பெயர் கிடையாது, வரிசையான காலக்கணக்கும் கிடையாது. ‘நான்’ என்று தொடங்கும் இடம் அடிக்கடி ‘நாங்க’ என்று மாறிவிடும்.

புத்தகம் வந்ததும் சொந்த ஊரிலேயே கோபம் கிளம்பியது. ஏழு மாதம் ஊருக்குள் போக முடியவில்லை என்று பாமா பின்னர் சொல்லியிருக்கிறார். லட்சுமி ஹோம்ஸ்ட்ராமின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2000-ல் கிராஸ்வேர்ட் விருது பெற்றது.

கல்லூரிப் பாடமாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் வன்கொடுமைப் பக்கங்களைத்தான் அடிக்கோடிடுகிறார்கள். பிள்ளைகளின் விளையாட்டும் ஊர்க்காரர்களுக்கு வைக்கும் பட்டப்பெயர்களும் கேலியும் புத்தகத்தில் அதே அளவு உயிரோடு இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டால் பாதிப் புத்தகம் போச்சு.

அடுத்து என்ன படிக்கலாம்?

பாமாவின் ‘சங்கதி’ 1994-ல் வந்தது. தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போகும் சிறுமி மைக்கண்ணி வருவது அதில்தான். 2021-ல் டெல்லி பல்கலைக்கழகம் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து பாமாவின் எழுத்தை நீக்கியபோது சர்ச்சையானதும் இந்த ‘சங்கதி’தான்.

பாமாவின் அண்ணன், மறைந்த ஆய்வாளர் ராஜ் கௌதமன் எழுதிய ‘சிலுவைராஜ் சரித்திரம்’ நாவலையும் சேர்த்துப் படிக்கலாம். ஒரே வீட்டில் வளர்ந்த அண்ணனும் தங்கையும் வெவ்வேறு குரலில் எழுதிய கதைகள் இவை. அண்ணனின் குரலில் நையாண்டி கொஞ்சம் தூக்கல்!