அரைநாள் ஆள்!

விதையில்லாத் திராட்சையை அடுத்த முறை கிலோக்கணக்கில் வாங்கும்போது ஒரு நிமிடம் ஓடைப்பட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தேனி மாவட்டத்தில், கம்பம் பள்ளத்தாக்கில், அந்தத் திராட்சைக்கே பேர்போன ஊர்.

நம்மூர்த் தோட்டம் துரவில் பெண்களுக்கு அரைநாள் வேலை சகஜம். காலையில் பொங்கி வைத்துவிட்டு வருவார்கள். மதியம் திரும்பினால் பிள்ளை, மாடு, தண்ணீர். வசதிதானே என்பீர்கள். வசதிதான். ஆனால் அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. 'அரைநாள் வர்ற ஆளை எப்படிப்பா மேஸ்திரி ஆக்குறது?' என்ற ஒரே கேள்வியில் அவள் உயர்வு முடிந்துவிடும்.

காமர்ஸ் படித்தவன் என்பதால் எனக்குக் கணக்கைப் பார்க்காமல் இருக்க முடியாது. வாருங்கள், பழைய ஏட்டைப் புரட்டுவோம்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான வேலைக்குச் சமக் கூலி என்ற சர்வதேச உடன்படிக்கையை இந்தியா ஏற்றுக்கொண்டது 1958-ல். அதற்குச் சட்டம் எப்போது வந்தது? சர்வதேசப் பெண்கள் ஆண்டான 1975-ல் ஓர் அவசரச் சட்டம், 1976-ல் முழுச் சட்டம். கையெழுத்துக்கும் காரியத்துக்கும் நடுவே 17 வருஷம்!

சட்டம் வந்தால் போதுமா? பம்பாயில் மெக்கின்னன் மெக்கன்ஸி கம்பெனியில் ஸ்டெனோவாக இருந்தவர் ஆட்ரி டி'கோஸ்டா. ஆண் ஸ்டெனோக்களைவிடச் சம்பளம் குறைவு. 'லேடி ஸ்டெனோ என்பது தனிப் பிரிவு' என்றது கம்பெனி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1987-ல் தீர்ப்பு: வேலை ஒரே மாதிரி, சம்பளமும் ஒன்றாக இருக்கட்டும். கம்பெனியிடம் பணம் இல்லை என்பதெல்லாம் சாக்கு ஆகாது. அதே வருஷம் சட்டத்தையும் திருத்தினார்கள். பதவி உயர்விலும் பயிற்சியிலும் பாரபட்சம் கூடாது என்று சேர்ந்தது.

சரி, அரைநாள் ஆள்? 1994-ல் பகுதிநேர வேலைக்கென்றே சர்வதேச தொழிலாளர் அமைப்பு ஓர் உடன்படிக்கை போட்டது. மணி குறைந்தால் சம்பளம் அந்த விகிதத்தில் குறையட்டும், உரிமை குறையக்கூடாது என்பது அதன் சாரம். அதை இந்தியா இன்னும் ஏற்கவில்லை. 1976-ம் வருஷச் சட்டமும் இப்போது தனியாக இல்லை. 2019-ம் வருஷ ஊதியத் தொகுப்புச் சட்டத்துக்குள் கரைந்துவிட்டது.

சட்டத்தை எழுதுகிறவர் காத்திருக்கலாம். கூலிக்காரி? மலைக்கு அந்தப் பக்கம் மூணாறைப் பாருங்கள். 2015 செப்டம்பரில் ஆயிரக்கணக்கான தேயிலைப் பெண்கள், பெரும்பாலும் தமிழர்கள், ரோட்டில் உட்கார்ந்தார்கள். கொழுந்து பறிக்கப் பெண்கள். சங்கத் தலைவர்களோ ஆண்கள். 'நீங்கள் வரவேண்டாம், நாங்களே பேசிக்கொள்கிறோம்' என்றார்கள். பெண்பிள்ளை ஒருமை என்று தங்களுக்குத் தாங்களே பேர் வைத்துக்கொண்டார்கள். கேட்ட 20 சதவீத போனஸ் கிடைத்தது. 232 ரூபாய் தினக்கூலியை 500 ஆக்கச் சொன்னார்கள்; அடுத்த மாதம் 301-ல் முடிந்தது.

கவனியுங்கள், அங்கே முழுநாள் வேலை. வரிசையாக ஒன்றாக நின்றவர்கள். அரைநாள் வந்து கலைந்து போகிறவள் யாரோடு சேர்ந்து உட்காருவாள்?

கணக்குப் புத்தகத்தில் அவள் அரை ஆள். வீட்டுக்குத் திரும்பிய பிறகு செய்வதையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். எத்தனை ஆள் வருகிறது?