புத்தகத்தில் இல்லாத நாடி

மருத்துவபீட முதலாம் ஆண்டில், உடற்கூற்றியல் மேசையில் எங்கள் குழுவுக்குக் கிடைத்த வலது கையில் பாடப்புத்தகப் படத்தைத் தேடிக்கொண்டிருந்தோம். மேற்கையில் இறங்கும் புய நாடி, முழங்கை மடிப்புக்கு அருகில் ஆரை நாடி, அரந்தி நாடி என இரண்டாகப் பிரியும் என்பது பாடம். அந்தக் கையிலோ கமக்கட்டுக்குக் கிட்டவே பிரிந்திருந்தது. பிழையாக வெட்டிவிட்டோமென்று பயந்தோம். "பிழையில்லை, இவர் பிறந்ததே இப்படித்தான்" என்றார் விரிவுரையாளர்.

இது அபூர்வமல்ல. 1953 இல் அமெரிக்காவில் வெளியான, 750 கைகளை ஆராய்ந்த ஆய்வொன்றில் ஏறத்தாழ 14 வீதமானவற்றில் ஆரை நாடி இப்படி மேலேயே பிரிந்திருந்தது. கருவில் கை அரும்பும்போது இருப்பது மெல்லிய குருதிக்குழாய்களின் வலைதான். அதில் சில பெருத்து நாடிகளாகின்றன, மற்றவை மறைகின்றன. மறைய வேண்டியது நிலைத்துவிட்டால் வழி மாறிவிடும். அதனால் நோயேதும் இல்லை. ஊசி வரும்வரை தெரியவும் வராது.

நான் அதிகம் பயப்படுவது, அரந்தி நாடி தசைக்கு அடியில் போகாமல் தோலுக்குச் சற்றுக் கீழே ஓடும் கைகளுக்குத்தான். முழங்கை மடிப்பில் அது நாளம் போலவே தெரியும். அதற்குள் மருந்து ஏறினால் நேரே விரல்களுக்குப் போகும். விரல்கள் கறுத்து, அகற்ற வேண்டி வந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. ஊசி ஏறும்போதே விரல் நுனிவரை எரிந்தால் உடனே சொல்லுங்கள். எங்கள் சனம் வலியைப் பொறுத்துப் பழகியது. இந்த வலியைப் பொறுக்கக் கூடாது.

போரில் கையில் காயப்பட்டவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. முன்கையில் ஒரு நாடி அறுந்தால், மற்றது உள்ளங்கைக்குப் போதிய குருதி கொடுக்கும்போது, அறுந்ததைக் கட்டிவிடுவதுண்டு. கட்டப்பட்டதே தெரியாமல் வாழ்பவர்கள் இருக்கிறார்கள். சிகிச்சைத் துண்டுகளும் இடம்பெயர்வில் போய்விட்டன. இன்று அவர்களில் பலருக்கு வயதாகிவிட்டது. மணிக்கட்டு வழியாகச் செய்யும் அஞ்சியோகிராம், டயலிசிஸுக்காக நாடியையும் நாளத்தையும் இணைக்கும் சத்திரசிகிச்சை என்று, மிஞ்சிய நாடியைத் தொடும் காலம் வருகிறது. ஒரு கையையே இழந்தவருக்கு மற்றக் கையில் எதுவும் சிறிய விடயமல்ல.

ஆகவே பழைய தழும்பு சிறிதென்றாலும் வைத்தியருக்குக் காட்டுங்கள். முட்டியை இறுக்கப் பொத்தி, மணிக்கட்டில் இரு நாடிகளையும் அழுத்தி, கையை விரித்து ஒன்றை மட்டும் விட்டால், வெளிறிய உள்ளங்கை சில விநாடிகளில் சிவக்க வேண்டும். 1929 இல் அலன் என்ற வைத்தியர் சொன்ன சோதனையின் பிற்கால மாற்றிய வடிவமான இதை மட்டும் நம்பியிருக்க முடியாது. சந்தேகமென்றால் டொப்ளர் ஸ்கான் பற்றிக் கேளுங்கள். ஊசியும் இல்லை, வலியும் இல்லை. நாடி எங்கே பிரிகிறது, எது அடைபட்டிருக்கிறது என்பதை அது காட்டிவிடும்.