25 டாலர் வெந்நீர்

1891இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரைச் சேர்ந்த கிளாரன்ஸ் கெம்ப் ஒரு மரப்பெட்டிக்குக் காப்புரிமை வாங்கினார். பெட்டிக்குள் கறுப்பு வண்ணம் பூசிய நீர்த்தொட்டிகள், மேலே கண்ணாடி மூடி. கூரைமேல் வைத்துவிட்டால் பிற்பகலுக்குள் குளிக்கிற சூட்டில் தண்ணீர் இறங்கும். ‘கிளைமாக்ஸ்’ என்ற பெயரில் வந்த அந்தப் பெட்டி நன்றாக விற்றது பிறந்த ஊரிலிருந்து வெகுதூரம் தள்ளி, தென் கலிபோர்னியாவில். 1897 வாக்கில் பாசடீனா நகரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு வீட்டின் கூரையில் சூரிய வெந்நீர்க் கலன் இருந்தது. அங்கே வெயில் அதிகம் என்பது பாதிக் காரணம்தான். கலிபோர்னியாவில் அன்று நிலக்கரி மலிவாகக் கிடைக்கவில்லை. வெளியிலிருந்து வந்தாக வேண்டும். 25 டாலர் கொடுத்துப் பெட்டியை வாங்கிய குடும்பத்துக்கு ஆண்டுக்கு 9 டாலர் அளவுக்கு நிலக்கரிச் செலவு குறைந்தது. மூன்றாவது ஆண்டுக்குள் போட்ட பணம் திரும்பிவிட்டது. வீட்டுக் கூரையில் விழும் வெயில் பணமாக மாறுவதற்கு வெயில் மட்டும் போதாது. எதிரே நிற்கும் எரிபொருளின் விலையும், முதல் தொகையை யார் தாங்குகிறார் என்பதும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. பின்னால் வந்த நூறாண்டு வரலாறு இதைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறது.

கிளைமாக்ஸுக்கு ஒரு குறை இருந்தது. இரவில் தொட்டி கூரையிலேயே கிடந்ததால் விடிவதற்குள் தண்ணீர் ஆறிவிடும். 1909இல் வில்லியம் பெய்லி வெயில் வாங்கும் குழாய்களைத் தனியாகவும் தொட்டியைத் தனியாகவும் பிரித்தார். வெப்பம் வெளியேறாதபடி பொதிந்த தொட்டியை வீட்டுக்குள் உயரத்தில் வைத்தார். சூடான நீர் தானே மேலேறும், குளிர்ந்த நீர் கீழிறங்கும், பம்பு தேவையில்லை. இரவிலும் வெந்நீர் கிடைத்ததால் அதற்கு ‘டே அண்ட் நைட்’ என்றே பெயர். கிளைமாக்ஸைவிட விலை கூடுதல். இருந்தும் முதல் உலகப்போர் முடிவதற்குள் 4,000க்கு மேல் விற்றது. அதன்பின் லாஸ் ஏஞ்சலிஸ் படுகையில் இயற்கை எரிவாயு பெருமளவில் கிடைத்தது. எரிவாயு விலை சரிந்தது, கூரைக் கலன் விற்பனையும் கூடவே சரிந்தது. பெய்லியே எரிவாயு வெந்நீர்க் கலன் செய்யப் போய்விட்டார். அவருடைய சாதனத்தில் எந்தப் பழுதும் வரவில்லை, கலிபோர்னியா வெயிலும் குறையவில்லை. ஆண்டுக்கு மிச்சமாகும் தொகை சுருங்கியது, போட்ட பணம் திரும்புகிற காலம் நீண்டது, அவ்வளவுதான் நடந்தது.

அதே பெய்லியின் காப்புரிமையை 1923இல் வாங்கி ஃபுளோரிடாவுக்குக் கொண்டுபோனார்கள். இயற்கை எரிவாயு இல்லாத, மின்சாரம் விலை கூடிய மயாமியில் அந்தச் சாதனம் மறுபிறப்பு எடுத்தது. 1926இன் புயலும் கட்டுமானத் தொழிலின் வீழ்ச்சியும் அதை முடக்கின. அது மீண்டெழுந்ததற்கு முக்கியக் காரணமாக நான் கருதுவது கடன் வசதியை. 1934இல் அமெரிக்க அரசு தொடங்கிய வீட்டுவசதி நிர்வாகம், வீட்டுச் சீரமைப்புக்குக் குறைந்த வட்டியில் கடன் கிடைக்க வழி செய்தது. மொத்தத் தொகையை ஒரே நாளில் எண்ணிவைக்க முடியாத குடும்பம் மாதத் தவணையில் கலனை வாங்க முடிந்தது. 1941இல் மயாமி மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் வெயிலில் சூடான தண்ணீரைப் பயன்படுத்தினார்கள். போர்க்காலத்தில் செம்புக்குக் கட்டுப்பாடு வந்து உற்பத்தி நின்றது. போருக்குப் பின் செம்பும் கூலியும் விலை ஏற, மின்கட்டணம் இறங்கியது. மயாமியிலும் கதை முடிந்தது.

சாதனம் கெட்டுப்போனதால்தான் மக்கள் கைவிட்டார்கள் என்று சிலர் வாதிடலாம். அதில் உண்மை உண்டு. ஃபுளோரிடாவில் எஃகுத் தொட்டியோடு செம்புக் குழாயை இணைத்ததால் அரிப்பு ஏற்பட்டுப் பல தொட்டிகள் ஒழுகின. ஆனால் ஒழுகும் தொட்டியை மாற்றலாம். மலிவான மின்சாரம் பக்கத்தில் இருக்கும்போது, மாற்றச் செலவழிப்பது வீண் என்று வீட்டுக்காரருக்குத் தோன்றியது. பழுதைவிட அந்த எண்ணமே பெரிய காரணம். மின்சாரம் எளிதில் கிடைக்காத இடத்தில் இதற்கு நேர்மாறாக நடக்கும் என்பதற்குச் சான்று இஸ்ரேல். 1950களின் தொடக்கத்தில் மின் தட்டுப்பாட்டால் தண்ணீர் சூடாக்கும் நேரத்துக்கே அரசு கட்டுப்பாடு போட்டது. லெவி யிஸ்ஸார் என்ற பொறியாளர் கூரைக் கலன் தயாரிப்பைத் தொடங்கினார். 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் 1980இல், புதிய குடியிருப்புகளில் சூரிய வெந்நீர்க் கலன் கட்டாயம் என்று சட்டம் வந்தது. இன்று அங்கே ஐந்தில் நான்குக்கும் மேற்பட்ட வீடுகளில் இது இருக்கிறது. கட்டாயப்படுத்துவது மக்களின் விருப்பத்தை மீறுவது என்ற ஆட்சேபம் நியாயமானது போலத் தோன்றும். ஆனால் வீட்டைக் கட்டுபவர் ஒருவர், அதில் வாழ்ந்து மின்கட்டணம் கட்டுபவர் வேறொருவர். கட்டுபவருக்குச் செலவு மட்டும்தான், மிச்சம் அவர் கைக்கு வராது. அந்த இடைவெளியை விற்பனைப் பேச்சால் மூட முடியாது. சட்டம் மூடியது.

வெந்நீர்த் தொட்டியோடு மின்சாரம் தரும் சோலார் தகட்டை ஒப்பிடலாமா என்று கேட்பார்கள். தகட்டின் விலை கடந்த நாற்பது ஆண்டுகளில் இறங்கியதுபோல எந்தத் தொட்டியின் விலையும் இறங்கியதில்லை. இருந்தும் கணக்குப் போடும் முறை மாறவில்லை என்பதற்குத் தமிழ்நாடே சாட்சி. 2022 செப்டம்பர் கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு 800 யூனிட் ஓடும் வீட்டுக்கு முதல் 100 இலவசம் போக 4,550 ரூபாய் வந்தது. 3 கிலோவாட் தகடு நாளுக்கு 12 யூனிட் தந்து, வீடு எடுத்த யூனிட்டிலிருந்து தகடு தந்ததைக் கழிக்கும் நெட் மீட்டரில் அத்தனையும் கழிந்தால், அந்தப் பில் கிட்டத்தட்ட முழுதுமே மறையும்; ஆண்டுக்கு 27,300 ரூபாய். தகடு பொருத்த 2 லட்சம் ஆகிறது என்று வைத்து, 2024இல் அறிவித்த ஒன்றிய அரசின் 78,000 ரூபாய் மானியத்தைக் கழித்தால், ஐந்தாவது ஆண்டுக்குள் பணம் திரும்பும். 300 யூனிட் ஓடும் வீட்டுக்கு அதே கட்டணத்தில் பில் 675 ரூபாய்தான். 1 கிலோவாட் போட்டு, 30,000 ரூபாய் மானியம் போக 40,000 செலவானால், ஆண்டு மிச்சம் 4,050. பத்து ஆண்டு காத்திருக்க வேண்டும்; வலையமைப்புக் கட்டணம், பராமரிப்பு சேர்ந்தால் இன்னும் நீளும். இரண்டு வீட்டுக்கும் ஒரே வெயில். இலவச யூனிட்டும் மலிவான அடுக்கும் சிறிய வீட்டைக் காப்பாற்றுகின்றன. அவற்றைக் குறைத்துத் தகட்டுக்கு லாபம் உண்டாக்குவது அநியாயம். சிறிய வீட்டுக்கு வேண்டியது மயாமிக்குக் கிடைத்த மாதிரியான நீண்ட தவணைக் கடன். வாடகை வீட்டுக்கு அதுவும் உதவாது: மொட்டைமாடி உரிமையாளருடையது, கரண்ட் பில் குடியிருப்பவருடையது.