மன்னன் மூக்கில் மிளகு

கி.மு. 1213. எகிப்தை 66 ஆண்டுகள் ஆண்ட இரண்டாம் ராமேசஸ் ஏறத்தாழ 90 வயதில் இறந்தார். அபு சிம்பெலில் மலைமுகத்தைச் செதுக்கித் தன் உருவத்தையே நான்கு பெருஞ்சிலைகளாக உட்கார வைத்தவர். காதேஷில் ஹிட்டைட்டுகளோடு போரிட்டுப் பிறகு அவர்களோடேயே உடன்படிக்கை எழுதிக்கொண்டவர். அவருடைய உடலைப் பதப்படுத்தும் சடங்கு மரபுப்படி 70 நாள் நடந்திருக்கும். அந்த நாட்களில் எப்போதோ, பெயர் தெரியாத ஒருவர் மன்னனின் மூக்குத் துளைகளுக்குள் மிளகை வைத்து அடைத்தார். நாம் ரசத்துக்குத் தட்டிப் போடுகிற அதே கருமிளகு.

எகிப்தில் மிளகு விளையாது. அதன் தாயகம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடு. அங்கிருந்து கொஞ்சம் மிளகு கடலையும் பாலைவனத்தையும் தாண்டி ஒரு மன்னனின் சாவுச்சடங்கில் போய்ச் சேர்ந்திருக்கிறது. மிளகின் வெளிநாட்டுப் பயணத்துக்கு நம்மிடம் உள்ள மிகப் பழைய சாட்சி அந்த மூக்குதான்.

ஏன் மூக்கு? எகிப்தியக் கோயில் சுவர்களில் தெய்வங்கள் மன்னனுக்கு எதிரே நின்று, உயிரின் குறியான அங்க் சின்னத்தை அவன் மூக்கருகே நீட்டும் காட்சி திரும்பத் திரும்ப வரும். உயிர் மூச்சு மூக்கு வழியாக உள்ளே போகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. இறந்தவன் மறு உலகில் மூச்சுவிட வேண்டும், உண்ண வேண்டும், பேச வேண்டும். அதற்காகவே கல்லறை வாசலில் மம்மியை நிறுத்தி ‘வாய் திறத்தல்’ என்னும் சடங்கைச் செய்தார்கள். இதயத்தை மட்டும் உடலுக்குள்ளேயே விட்டுவைத்தார்கள். மறு உலகத் தீர்ப்பில் அது மாஅத் தேவதையின் இறகுக்கு எதிராகத் தராசில் வைக்கப்படும். நுரையீரல், கல்லீரல், இரைப்பை, குடல் ஆகியவற்றை வெளியே எடுத்துப் பதப்படுத்தி, ஹோரஸின் நான்கு மகன்களின் காவலில் வைத்தார்கள். மூளைக்கு அவர்கள் மதிப்புத் தரவில்லை. கொக்கி விட்டு மூக்கு வழியாக எடுத்து எறிந்துவிட்டார்கள். அப்படிக் குடைந்த மூக்கு, நேட்ரான் உப்பில் உடல் காய்ந்து, துணிக்கட்டு இறுகும்போது நசுங்கிப்போகும்.

ராமேசஸுக்கோ நீண்ட வளைந்த மூக்கு. அவர் முகத்தின் அடையாளமே அதுதான். அது நசுங்கிவிட்டால் திரும்பி வரும் உயிருக்குத் தன் உடல் எது என்று தெரியாமல் போய்விடுமே! அதனால் உள்ளே ஒரு சின்ன எலும்புத் துண்டை முட்டுக் கொடுத்து, மிளகையும் பிசினையும் நிரப்பினார்கள். அந்த வேலை 3,200 ஆண்டுகளாக நிற்கிறது. இன்றும் அந்த முகத்தில் முதலில் கண்ணில் படுவது மூக்குதான்.

மரத்தூளோ துணியோ வைத்தும் மூக்கை நிமிர்த்தியிருக்கலாம். மிளகைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்க வேண்டும். நறுமணம் எகிப்தியருக்குத் தெய்வத்தின் அடையாளம். கெடாமல் இருப்பதும் அப்படியே. மிளகில் இரண்டும் உண்டு.

ஒரு மிளகை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். மேலே வலைபோலச் சுருங்கிய கறுப்புத்தோல், உடைத்தால் உள்ளே வெளுத்த மாவு, நடுவில் ஒரு பொட்டு வெற்றிடம். கொடியில் இருக்கும்போது இது பச்சை மணி. சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவக்கத் தொடங்கியதும் ஏணி போட்டு ஏறிப் பறிக்கிறார்கள். கொல்லிமலையில் சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட கொடிகளில் இந்த வேலையைப் பார்க்கலாம். பறித்ததைக் களத்தில் நான்கைந்து நாள் காயவைத்தால் பச்சை கறுத்து, எடை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். நன்றாகக் காய்ந்த மிளகு லேசில் பூச்சி அண்டாதது, ஆண்டுக்கணக்கில் காரம் போகாதது. உலகத்தைச் சுற்றிவரும் தகுதியை அதற்குக் கொடுத்தது இந்த வெயில் காய்ச்சல்தான்.

அம்பத்தூர் ஓ.டி. பக்கம் நான் வாங்கும் மளிகைக் கடையில் மிளகை இன்னும் சாக்கிலிருந்து அள்ளி நிறுத்துத் தருகிறார்கள். “அண்ணாச்சி, இது எந்த ஊரு மிளகு?” என்று கேட்டால், “கொல்லிமலைம்மா. சந்தேகமா இருந்தா தண்ணியில போட்டுப் பாருங்க, பப்பாளி விதைன்னா மிதக்கும்” என்பார். கலப்படம் செய்யும் அளவுக்கு அதற்கு இன்னும் விலை இருக்கிறது.

கி.மு. 1213-க்குத் திரும்புவோம். இந்த இடத்தில் நிதானம் வேண்டும். ராமேசஸின் மூக்கில் மிளகு இருந்ததால் அன்றே தமிழ்க் கப்பல்கள் நைல் நதிவரை போய்வந்தன என்று மேடையில் முழங்குகிறார்கள். எனக்கு அது மிளகுக்குச் செய்யும் மரியாதையாகப் படவில்லை. இருந்தது சில மணிகள். அந்த நூற்றாண்டில் அது வந்த வழியில் எந்தத் துறைமுகத்திலும், எந்தப் பானையிலும் வேறு சாட்சி கிடைக்கவில்லை. ஒரு கரையிலிருந்து அடுத்த கரைக்கு, ஒரு வணிகனிடமிருந்து அடுத்தவனுக்கு எனக் கை மாறிக் கை மாறி வந்திருக்கலாம். அதுவே எவ்வளவு பெரிய செய்தி! அதற்கு மேல் ஏற்றிச் சொல்லத் தேவையில்லை.

அடக்கம் செய்த இடத்தில் மன்னனை நிம்மதியாக விடவில்லை. மன்னர் பள்ளத்தாக்கில் கல்லறைக் கொள்ளை பெருகியது. அர்ச்சகர்கள் ராமேசஸை எடுத்து, முதலில் அவருடைய தந்தை சேத்தியின் கல்லறைக்கு மாற்றினார்கள். பிறகு தேர் எல்-பஹ்ரி குன்றில் ஆழமான ஒரு மறைகுழிக்குக் கொண்டுபோனார்கள். எப்போது, எங்கிருந்து மாற்றினோம் என்று மம்மியின் துணிக்கட்டின் மேலேயே மையால் குறித்தும் வைத்தார்கள். நகை நட்டுகள் போயின. யாரும் சீண்டாத மூக்கு அப்படியே இருந்தது.

அடுத்து மிளகு எகிப்து மண்ணில் பெரிய அளவில் தட்டுப்படுவது ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. இடம் செங்கடல் கரையில் உள்ள பெரெனிகே. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் இரண்டாம் தாலமி போர் யானைகளை இறக்குவதற்காக உண்டாக்கித் தன் தாயின் பெயரை வைத்த துறைமுகம் அது. 1994 முதல் ஸ்டீவன் சைட்பாதம், வில்லெக்கே வென்ட்ரிக் ஆகியோர் தலைமையில் அங்கே அகழாய்வு நடந்தது. செராபிஸ் கோயிலின் முற்றத்தில் தரையில் புதைத்திருந்த பெரிய தாழி ஒன்று கிடைத்தது. தாழி இந்தியாவில் வனைந்தது. அதற்குள் ஏழரைக் கிலோ கருமிளகு! கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது. செராபிஸ், ஒசைரிஸையும் ஆப்பிஸ் காளையையும் சேர்த்துக் கிரேக்க முகம் கொடுத்துத் தாலமிகள் உருவாக்கிய தெய்வம். அந்தத் தெய்வத்தின் வாசலில் நம் மலைச்சரக்கு.

எனக்கு அந்தத் தாழியைவிட அந்த ஊரின் குப்பைமேடு நெருக்கமாகத் தோன்றுகிறது. அதில் தேங்காய் ஓடு, நெல், பாசிப்பயறு, நெல்லிக்காய், குன்றிமணி எல்லாம் கிடைத்தன. அரிசியும் பயறும் விலைக்குப் போக அவ்வளவு தூரம் வராது. ஊர்ச்சோறு தேடிய வயிறுகள் அங்கே இருந்திருக்கின்றன. காற்று திரும்புகிறவரை மாதக்கணக்கில் அந்தப் பொட்டல் கரையில் காத்துக் கிடந்த நம் மனிதர்கள்.

அவர்களில் சிலர் பெயரும் தெரியும். பெரெனிகேக்கு வடக்கே இருந்த இன்னொரு துறைமுகம் மயோஸ் ஹோர்மோஸ். இன்று குசைர் அல்-கதீம். அங்கே கிடைத்த பானை ஓடுகளில் தமிழ் பிராமியில் கணன், சாதன் என்று கீறியிருக்கிறது. இன்னொரு ஓட்டில் ‘பானை ஒறி’ என்று இரு பக்கமும் எழுதியிருப்பதை கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் வாசித்துச் சொன்னார். கயிற்று உறியில் தொங்கவிடும் பானை என்பது அவர் தந்த விளக்கம். பாலைவனப் பாதையில் எல்-கனாயிஸ் என்ற இடத்துப் பாறைக்கோயிலில், வழித்துணைத் தெய்வமான பானுக்கு வணக்கம் சொல்லி ‘இந்தியன் சோபோன்’ என்பவர் கிரேக்கத்தில் பொறித்துவிட்டுப் போயிருக்கிறார். ராமேசஸ் தன் பெயரை மலையில் செதுக்கச் சொன்னார். செதுக்கியவர்கள் வேறு ஆட்கள். கணனும் சாதனும் பெயரை எழுத எந்தச் சிற்பியையும் கூப்பிடவில்லை. மிளகின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் மன்னனின் மூக்கோடு நின்றுவிடாமல் இந்தப் பெயர்களையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று நான் அழுத்தமாக நினைக்கிறேன்.

இவர்கள் பார்த்த வேலை எளிதல்ல. எகிப்திலிருந்து ஜூலை வாக்கில் கிளம்பும் கப்பல் தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்துச் சேரநாட்டு முசிறிக்கு வரும். யவனர் அங்கே பொன் கொடுத்து மிளகு வாங்கியதை எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் அகநானூற்றின் 149-ஆம் பாட்டில் பாடியிருக்கிறார். டிசம்பர், ஜனவரியில் காற்று திரும்பியதும் மிளகு ஏறும். பெரெனிகேயில் இறக்கி, ஒட்டக முதுகில் பாலைவனத்தைக் கடந்து நைல் கரையில் உள்ள காப்டோஸ் சேர 12 நாள் ஆகும் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி குறிக்கிறார். வெயிலுக்குப் பயந்து பெரும்பாலும் இரவில்தான் நடை. பிறகு ஆற்றுப் படகில் அலெக்சாண்ட்ரியா. அங்கே சரக்கில் நான்கில் ஒரு பங்கு சுங்கம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் முசிறியிலிருந்து வந்த ‘ஹெர்மபோலோன்’ என்ற கப்பலின் கடன் பத்திரமும் சரக்குக் கணக்கும் ஒரே பாப்பிரஸ் தாளின் இரு பக்கங்களில் எழுதப்பட்டு இன்று வியன்னாவில் இருக்கின்றன. அந்த ஒரு கப்பல் சரக்கின் மதிப்பு ஏறத்தாழ 70 லட்சம் திராக்மா. இத்தனையும் தாண்டி ரோமில் ஒரு ராத்தல் கருமிளகு நான்கு தினாரியஸ் விற்றது. தங்கத்தை எல்லாம் இந்தியாவுக்குக் கொட்டிக் கொடுக்கிறோமே என்று பிளினி புலம்பினார்.

கணன், சாதன் போன்றவர்களின் எழுத்து துறைமுகத்துக்கு மட்டும் உரியது அல்ல. அம்பத்தூர், ஆவடி வழியாகப் போகும் எங்கள் சி.டி.எச். ரோட்டில் திருவள்ளூரைத் தாண்டினால் கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் பட்டரைப்பெரும்புதூர் வருகிறது. மாநிலத் தொல்லியல் துறை 2015-16-இல் அங்கே தோண்டியபோது கற்காலக் கருவிகள், உறைகிணறு ஆகியவற்றோடு தமிழ் பிராமி எழுதிய பானை ஓடுகளும் கிடைத்தன. கடலிலிருந்து இவ்வளவு உள்ளே இருந்த ஊரிலும் பானையில் எழுத்துக் கீறத் தெரிந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். அதே பழக்கத்தைத்தான் செங்கடல் வரை எடுத்துப்போனார்கள். தினமும் பேருந்து ஓடும் சாலையின் ஓரத்தில் இது இருப்பது இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். பள்ளிக்கூடங்கள் ஒரு நாள் அவர்களை அங்கே கூட்டிப்போகலாம்.

கோயிலில் மிளகு என்பதும் நமக்குப் புதிது அல்ல. அம்மை, மரு, கட்டி வந்து குணமானால் அம்மன் கோயிலில் உப்பும் மிளகும் கொட்டுவதாக வேண்டிக்கொள்வது இங்கே வீட்டுக்கு வீடு உண்டு. வைத்தீஸ்வரன் கோயிலிலும் அந்தக் காணிக்கை பெயர் பெற்றது. சேரன்மகாதேவிப் பக்கம் மழை வேண்டிப் பிள்ளையாருக்கு மிளகை அரைத்துப் பூசுகிறார்கள். இவற்றுக்கும் செராபிஸ் கோயில் தாழிக்கும் நேரடி உறவு உண்டு என்று சொல்ல மாட்டேன். தாழி வெறும் சேமிப்பாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கோயிலைச் சுற்றிப் புழங்கிய நம்மூர் மாலுமி ஒருவருக்குத் தெய்வத்தின் முன் மிளகு இருப்பது விநோதமாகப் பட்டிருக்காது.

மறைகுழியில் இருந்த ராமேசஸை மறுபடி வெளியே கொண்டுவந்தது ஒரு குடும்பம். அப்துல் ரசூல் குடும்பத்தார் 1871 வாக்கில் அந்தக் குழியைக் கண்டு, அதிலிருந்த பொருட்களைக் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுவந்தார்கள். 1881-இல் அரசு விழித்துக்கொண்டது. தொல்பொருள் துறை அதிகாரி எமீல் ப்ரூக்ஷ் உள்ளே இறங்கி ஐம்பதுக்கும் மேற்பட்ட மம்மிகளை வெளியே எடுத்தார். நீராவிப் படகு அவற்றை ஏற்றிக்கொண்டு நைலில் போனபோது கரையோரக் கிராமத்துப் பெண்கள் தலைவிரி கோலமாக நின்று, தங்கள் வீட்டுச் சாவுக்கு அழுவதுபோல் ஒப்பாரி வைத்தார்கள். 1886 ஜூன் 1-ஆம் தேதி அத்துறைத் தலைவர் காஸ்டன் மாஸ்பெரோ ராமேசஸின் துணிக்கட்டைப் பிரித்தார். அப்போதும் மூக்குக்குள் இருந்தது யாருக்கும் தெரியவில்லை.

எழுபதுகளில் மம்மியில் பூஞ்சை பிடித்தது. 1976 செப்டம்பரில் ராமேசஸை விமானத்தில் பாரிஸுக்குக் கொண்டுபோனார்கள். விமான நிலையத்தில் நாட்டுத் தலைவருக்கு உரிய ராணுவ மரியாதை கொடுத்தார்கள். எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தபோது மூக்குக்குள் உருண்டை உருண்டையாக விதைகள் தெரிந்தன. தாவர ஆய்வு அவை மிளகு என்று உறுதி செய்தது. 1985-இல் அந்த ஆய்வு நூலாக வந்தது. பூஞ்சையைக் கொல்ல மன்னனின் உடலுக்குக் கோபால்ட்-60 காமாக் கதிர் பாய்ச்சி, 1977-இல் கெய்ரோவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். 2021 ஏப்ரல் 3 அன்று 18 மன்னர்கள், 4 அரசிகள் ஊர்வலத்தில் அவரும் நைட்ரஜன் நிரப்பிய பெட்டியில் புதிய அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

நவி மும்பையின் வாஷியில் 2000-ஆம் ஆண்டு முதல் கதிர்வீச்சு, ஐசோடோப்புத் தொழில்நுட்ப வாரியம் ஒரு நிலையம் நடத்துகிறது. மசாலாச் சரக்குகளில் பூச்சியும் பூஞ்சையும் பிடிக்காமல் இருக்க அங்கேயும் கோபால்ட்-60-இன் காமாக் கதிரையே பாய்ச்சுகிறார்கள். கப்பலேறப் போகும் மூட்டைகளில் மிளகும் உண்டு.