லயத்திலிருந்து பெரட்டுக்களத்துக்கு

ஹப்புத்தளைப் பக்கம் போற நம்ம நண்பர்கள் லிப்டன் சீட்டுக்கு நடந்தே ஏறிப் படம் போடுறாங்க. தம்பதென்ன தொழிற்சாலையிலிருந்து ஏறத்தாழ 7 கிலோமீட்டர், நல்ல உடற்பயிற்சிதான். தாமஸ் லிப்டன் 1890இல் தம்பதென்னையை வாங்கியபின், தன் தோட்டங்களை அங்கிருந்துதான் பார்வையிடுவாராம். அதே ஏற்றத்தில் கொழுந்தோடு நடக்கிற அம்மாக்களின் நடைக்கு மட்டும் உடற்பயிற்சி என்ற பெயர் கிடைக்கவில்லை.

அந்த நடை தற்செயலானதல்ல. துரைமார் லயம் கட்டியதே வேலையை மனசில வச்சுத்தான். மேட்டில் பங்களா, கீழே வரிசையாக, 10க்கு 12 அடிக் காம்பராக்கள். பாதைகள் பெரட்டுக்களத்துக்கும் மலைக்கும் ஸ்டோருக்கும் போயின. விளையாட, சும்மா உலாத்த என்று ஒரு பாதையும் போடப்படவில்லை. பதுளைக்கு 1924இல் ரயில் வந்ததும் முக்கியமாகத் தேயிலைக்காகத்தான்!

நாங்க கிரிக்கெட் ஆடியதும் பெரட்டுக்களத்தில்தான், அதுவும் பையன்கள் மட்டும். தங்கச்சிமாருக்கு இஸ்தோப்புதான் எல்லை.

2014 அக்டோபர் 29இல் மீரியபெத்த லயங்களை மண் மூடியது. அதற்குப் பிறகு மலையகத்தில் 7 பேர்ச்சஸ் காணியில் தனிவீடுகள் எழும்பின. காணி உறுதியைக் கேட்கும்போதே, தங்கச்சிமாரும் ஓடியாட ஒரு திடலையும் நாங்க கேட்கணும்.