கிரையோலைட் தூசியும் கிணற்றுத் தண்ணியும்

தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் கோயில் சிற்பங்களைப் பார்க்க வருகிறவர்கள், அந்த மண்ணுக்கு அடியில் உள்ள பாறையைப் பற்றி யோசிப்பதில்லை. குடகனாற்றுப் பக்கம் இருப்பது பெரும்பாலும் நைஸ், சார்னோகைட் வகைக் கடினப் பாறை. அதிலுள்ள பயோடைட், அபடைட் போன்ற கனிமங்களில் கொஞ்சம் ஃபுளோரின் உண்டு. பாறை இடுக்கில் தண்ணீர் நெடுநாள் கிடந்தால், அது ஃபுளோரைடாகக் கரைந்து வரும். திண்டுக்கல் மாவட்டத்தில் சில இடங்களில் இது அளவுக்கு மேல் இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நம்ம பக்கத்து விஷயமாச்சே என்று இதன் வரலாற்றைத் தேடினேன். தேடல் டென்மார்க்கில் போய் நின்றது!

கிரையோலைட் என்பது சோடியம், அலுமினியம், ஃபுளோரின் சேர்ந்த வெள்ளைக் கனிமம். அலுமினா உருக 2000 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். உருகிய கிரையோலைட்டில் கரைத்தால் 960 டிகிரி வாக்கிலேயே மின்சாரம் பாய்ச்சி அலுமினியத்தைப் பிரித்துவிடலாம். ஏற்காடு, கொல்லிமலை பாக்சைட்டை வைத்து மேட்டூரில் மால்கோ ஆலை அலுமினியம் எடுத்ததும் இதே முறையில்தான்.

கிரீன்லாந்தில் வெட்டிய கிரையோலைட்டைக் கோபன்ஹேகன் ஆலையில் சுத்தப்படுத்தினார்கள். 1932-இல் மோலர், குட்யோன்சன் என்ற இரண்டு மருத்துவர்கள் அந்தத் தொழிலாளர்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, எலும்புகள் விநோதமாக அடர்ந்து போயிருந்தன. காரணம் வருஷக்கணக்காக உள்ளே போன தூசி. 1937-இல் காய் ரோஹோல்ம் இதைப் பற்றிப் பெரிய நூலே எழுதினார்.

அதே 1937-இல் நம்ம சென்னை மாகாணத்திலிருந்தும் ஒரு கட்டுரை வந்தது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டைச் சேர்ந்த ஷார்ட்டும் அவருடைய சகாக்களும் நெல்லூர் மாவட்டக் கிராமத்தாரைப் பற்றி எழுதியது. முதுகு விறைத்து, குனிய முடியாமல் போன விவசாயிகள். அவர்கள் எந்த ஆலை வாசலையும் மிதித்ததில்லை. குடித்தது கிணற்றுத் தண்ணி, அவ்வளவுதான். அங்கே தூசி செய்ததை இங்கே தண்ணி செய்திருக்கிறது.

ஆலைக்காரருக்கு எச்சரிக்கை உண்டு: முகமூடி போடு, தூசி கிளப்பாதே, ஃபுளோரைடு உப்போடு அமிலத்தைச் சேர்க்காதே (கண்ணாடியையே அரிக்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உண்டாகும்). கிணற்றடியில் யார் பலகை மாட்டுவது? உப்பு என்றால் நாக்கு சொல்லிவிடும். இந்த அளவு ஃபுளோரைடுக்கு ருசியும் இல்லை, நிறமும் இல்லை.

இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது. வேறு வழியில்லை என்றால் 1.5 வரை. நிறைய பேர் "காய்ச்சிக் குடிச்சா சரியாப் போயிரும்" என்கிறார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு கூடத்தான் செய்யும். படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துத் தெளியவைக்கும் நல்கொண்டா முறையை நாக்பூர் நீரி நிறுவனம் 1970-களில் உருவாக்கியது. அதிலும் அளவு பார்த்துத்தான் கலக்க வேண்டும், கண்மதிப்பில் போடக் கூடாது.

ஒரு போர் நல்ல தண்ணி கொடுக்கும். பக்கத்துத் தோட்டத்துப் போர் கொடுக்காது. அதனால் ஊரை வைத்து முடிவு கட்ட முடியாது, ஒவ்வொரு கிணறாகச் சோதிக்கத்தான் வேண்டும். முக்கியமாக, எட்டு வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருக்கும் வீட்டில் தள்ளிப்போடாதீர்கள். பல் உருவாகும் அந்த வயதில் ஏறும் காவிக் கறை, எத்தனை தேய்த்தாலும் போகாது.