அக்கா வீட்டு பீரோவில் ஒரு தாள்

அக்கா மகனுக்கு 18 வயது முடிந்த பிறகுதான் அந்தத் தாளைப் பற்றி எங்களுக்குத் தெரியவந்தது. "இனிமே உங்க கையெழுத்து செல்லாதும்மா. கார்டியன் சர்டிபிகேட் கொண்டு வாங்க" என்றார்கள் வங்கியில். பிள்ளைக்கு அறிவுசார் குறைபாடு. பெற்றவளின் கையெழுத்துக்கு மதிப்பில்லாமல் போனதில் அக்கா அன்று சாப்பிடவே இல்லை.

அந்தத் தாளுக்கு நீண்ட பூர்வகதை உண்டு. 1912-ஆம் ஆண்டுப் பைத்தியக்காரர் சட்டம் இவனைப் போன்றவர்களையும் சித்தசுவாதீனம் இல்லாதவர்களையும் ஒரே பட்டியலில் வைத்திருந்தது. ஆளைப் பார்த்துக்கொள்ள ஒருவர், சொத்தைப் பார்த்துக்கொள்ள ஒருவர் என்று நீதிமன்றம் நியமிக்கும். 1987-இல் வந்த மனநலச் சட்டம், மனநோயாளி என்ற வரையறையிலிருந்து அறிவுசார் குறைபாட்டை விலக்கியது. நியாயம்தான், இது நோயில்லையே. ஆனால் அதோடு, கார்டியன் கேட்டுப் போக இருந்த வாசலும் அடைபட்டது. 1999-இல் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்த பிறகுதான் கலெக்டர் அளவிலான அதிகாரியைக் கொண்ட குழுவிடம் மனுக் கொடுக்க வழி பிறந்தது. அந்தக் குழுவில் மாற்றுத்திறனாளி ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

எங்கள் மனு விசாரணைக்கு வந்த அன்று, அந்த உறுப்பினர் மட்டும்தான் அவன் முகத்தைப் பார்த்துப் பேசினார். "அம்மா உனக்காகக் கையெழுத்துப் போடட்டுமா தம்பி?"

அவன் யோசித்தான். "நானும் போடுவேன்" என்றான்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான். கார்டியன் தனியாக முடிவெடுக்கக் கூடாது. அவனைக் கலந்துகொண்டு, அவன் விருப்பப்படி, குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே. முன்பு வேறு சட்டங்களின்படி நியமிக்கப்பட்டவர்களும் இனி இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் இந்த விஷயத்தில் எழுதப்பட்ட ஆக நல்ல வரிகள் இவை என்றே நினைக்கிறேன். கவுன்டருக்கு அவை இன்னும் வந்து சேரவில்லை என்பதுதான் வேதனை. தாள் கைக்கு வந்ததும் வங்கிக்குப் போனோம். நகல் எடுத்தார்கள், சீல் வைத்தார்கள், அக்காவிடம் மட்டும் பேசினார்கள். பக்கத்தில் புதுச்சட்டை போட்டுக்கொண்டு நின்றவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தாள் இப்போது பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் சொத்து விவரமும், நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் கணக்கும் குழுவிடம் கொடுத்தாக வேண்டும். அதற்காக அக்கா ஒரு நோட்டுப் போட்டிருக்கிறாள். செருப்பு 450 ரூபாய் என்ற வரிக்கு நேரே அவன் பெயர் கோணலாக எழுதியிருக்கிறது. கறுப்பு வேண்டாம், சிவப்புதான் வேண்டும் என்று கடையில் நின்று சொன்னது அவன்தான்.